புனேயின் கைவழிச் சிகிச்சை மரபு

மாதக்கணக்கில் விடாத தசைப்பிடிப்பையும், இடுப்பிலிருந்து கால்வரை சுண்டி இழுக்கும் நரம்பு வலியையும் நீவியும் அழுத்தியும், உடலைத் தாங்கிப் பிடித்து நீட்டச் செய்தும் கட்டுக்குள் வைப்பது கைவழிச் சிகிச்சை. சித்த மருத்துவத்தில் தொக்கணம் இவ்வகையைச் சேர்ந்தது. மகாராஷ்டிரத்தின் புனே நகரில் 20ஆம் நூற்றாண்டில் இது இரு வழிகளில் தழைத்தது.

முதலாவது இயற்கை மருத்துவம். தின்ஷா மேத்தா புனேயில் நடத்திய நிலையத்தில் காந்தியும் தங்கிச் சிகிச்சை பெற்றார். 1946 மார்ச்சில் காந்தி அருகிலுள்ள உருளி காஞ்சன் கிராமத்துக்குச் சென்று நோயாளிகளைக் கவனித்தார். அங்கு உருவான ஆசிரமத்தை மணிபாய் தேசாய் வளர்த்தெடுத்தார். மேத்தாவின் பழைய நிலையத்தில் 1986 முதல் தேசிய இயற்கை மருத்துவ நிறுவனம் இயங்குகிறது.

இரண்டாவது யோகம். இதில் இன்னும் ஆழமாகத் தடம் பதித்தவர் பி.கே.எஸ். ஐயங்கார். 1918இல் கர்நாடகத்தின் பெல்லூரில் பிறந்த அவரைச் சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் எல்லாம் வாட்டின. குரு கிருஷ்ணமாச்சாரியார் அனுப்ப, 1937இல் புனேயின் டெக்கான் ஜிம்கானாவில் யோகம் கற்பிக்க வந்தவர், 2014இல் மறையும்வரை அந்நகரத்தையே இருப்பிடமாகக் கொண்டார்.

வலியோடு வருபவரால் ஆசனத்தில் நிலைத்து நிற்க முடியாது. ஆசிரியர் கையால் தாங்கலாம். ஆனால் எவ்வளவு நேரம்? இதற்கு ஐயங்கார் கண்ட விடைதான் மரக்கட்டை, வார், நாற்காலி, சுவரில் தொங்கும் கயிறு. ஆசிரியரின் கை செய்த வேலையை இவை ஏற்றுக்கொண்டன. கை, தோளையும் முதுகையும் சரியான நிலைக்குத் திருப்பும் நுட்பமான வேலைக்கு விடுபட்டது. அவருடைய பெரும் பங்களிப்பு இதுவே. வயலின் மேதை யெகுதி மெனுகின் 1952இல் அவரிடம் மாணவரானார். ஐயங்காரின் மனைவி ரமாமணியின் நினைவாக 1975இல் திறக்கப்பட்ட நிறுவனத்தில் நோயாளிகளுக்கென்றே மருத்துவ வகுப்பு நடந்தது.

பலன் எவ்வளவு? நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 313 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. ஐயங்கார் மரபில் வந்த ஆசிரியை வகுத்த 12 வாரப் பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கு, வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிட முதுகின் இயக்கம் மேம்பட்டது. வலியின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. குனிந்து நிமிர்ந்து தன் வேலையைத் தானே செய்ய முடிவது சிறிய பலனல்ல. ஆனால் வலியே போய்விடும் என்று எவரும் வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர், மலக் கட்டுப்பாட்டை இழந்தாலோ நீவிவிடுவதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.