பயணர் விடுதியின் பொது அறை

அறையை வாடகைக்கு விடாமல், அறையில் உள்ள ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு விடும் தங்குமிடம் பயணர் விடுதி. நம்மூரில் ஹாஸ்டல் என்றதும் கல்லூரி விடுதிதான் நினைவுக்கு வரும். வெளிநாடு போகிறவர்களின் பேச்சில் அந்தச் சொல் இதைத்தான் குறிக்கிறது. ஓர் அறையில் நான்கு பேரும் படுக்கலாம், இருபது பேரும் படுக்கலாம். அடுக்குக் கட்டில்கள், பொதுவான குளியலறை, பொதுவான சமையலறை. முன்பின் தெரியாதவருக்கு மேல்கட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்கிவிடும் இந்த வழக்கத்தைச் சிக்கனத்துக்கான வழியாகவே பலரும் பார்க்கிறார்கள். அதைத் தொடங்கி வைத்தவர் மனத்தில் இருந்தது அதைவிடப் பெரிய எண்ணம்.

அயலாரோடு படுக்கையைப் பகிர்ந்துகொள்வது முற்காலப் பயணத்தில் சாதாரணம். இங்கிலாந்தின் வேர் ஊர்ச் சத்திரத்துக்காக 1590 வாக்கில் செய்த கட்டில் ஒன்று மூன்று மீட்டருக்கும் மேல் அகலமானது. ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில் அதைப் பற்றிய பேச்சு வருகிறது. கட்டில் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1776 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக் ஊரில் சத்திரங்கள் நிரம்பி வழிந்ததால் அமெரிக்கத் தலைவர்களான ஜான் ஆடம்ஸும் பெஞ்சமின் பிராங்க்ளினும் சிறிய அறை ஒன்றில் ஒரே கட்டிலில் படுக்க வேண்டியதாயிற்று. இரவுக் காற்றுக்குப் பயந்த ஆடம்ஸ் சன்னலைச் சாத்தினார். சாத்தாதீர்கள், மூச்சு முட்டும் என்றார் பிராங்க்ளின். சளி எப்படிப் பிடிக்கிறது என்ற தம் கொள்கையை அவர் விளக்கிக்கொண்டே இருக்க, ஆடம்ஸ் தூங்கிப்போனார். அந்தச் சன்னல் தகராறு இன்றும் பொது அறைகளில் ஓயவில்லை.

தமிழரிடம் இதற்கு நெருக்கமான ஒரு வழக்கம் உண்டு: நகரத்தார் கிட்டங்கி. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில், குடும்பத்தை ஊரில் விட்டுவந்த நகரத்தார் செட்டியார்கள் பகலில் கொடுக்கல் வாங்கல் நடத்திய கூடத்திலேயே, ஆளுக்கொரு பெட்டியோடு, இரவில் படுத்தார்கள். ஆனால் அங்கே பக்கத்தில் படுத்தவர் சொந்த சமூகத்துக்காரர். அந்நியரை அந்நியரோடு வேண்டுமென்றே சேர்த்துவைக்கும் ஏற்பாடு ஒரு ஜெர்மானியப் பள்ளி ஆசிரியரிடமிருந்து வந்தது.

ரிச்சர்ட் ஷிர்மான் (1874–1961) வெஸ்ட்பாலியா பகுதியில் அல்டேனா என்ற சிறு நகரத்தில் வேலை பார்த்தவர். தொழிற்சாலைப் புகையில் வளரும் பிள்ளைகள் காட்டையும் ஆற்றையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். நாள்கணக்கில் அவர்களை நடத்திக் கூட்டிப்போவார். 1909 ஆகஸ்ட் 26 அன்று அப்படி ஒரு நடையில், பிரோல் பள்ளத்தாக்கில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒதுங்கக் கிடைத்தது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். வகுப்பறைத் தரையில் வைக்கோலைப் பரப்பிப் பிள்ளைகள் உறங்கினார்கள். ஆசிரியருக்குத் தூக்கம் வரவில்லை. விடுமுறையில் பூட்டிக்கிடக்கும் பள்ளிக்கூடம் ஊருக்கு ஊர் இருக்கிறதே, ஒருநாள் நடைக்கு ஒன்றாக அவற்றைத் திறந்துவிட்டால் என்ன? அந்த இரவில் எழுந்த கேள்வி இது. முதலில் தம் பள்ளியிலேயே அதைச் செய்துபார்த்தார். 1912இல் அல்டேனா கோட்டையில் உலகின் முதல் நிரந்தர இளைஞர் விடுதி அமைந்தது. கனத்த மரத்தில் அடித்த அதன் மூன்றடுக்குக் கட்டில்களை இப்போதும் அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

முதல் உலகப் போர் அந்த எண்ணத்தை இன்னும் விரித்தது. 1915இல் ஷிர்மான் வோஜ் மலைப்பகுதியில் போர்முனையில் இருந்தார். கிறிஸ்துமஸ் மணி ஒலித்ததும் ஜெர்மன், பிரெஞ்சுச் சிப்பாய்கள் தாமாகவே சண்டையை நிறுத்திவிட்டு, கைவிடப்பட்ட சுரங்கப் பாதைகள் வழியே ஒருவரையொருவர் பார்க்கப் போனார்கள். இந்தப் பக்கத்துக் கறுப்பு ரொட்டியும் பன்றி இறைச்சியும் அந்தப் பக்கம் போயின. ஒயினும் சிகரெட்டும் வந்தன. எல்லா நாட்டு இளைஞர்களும் சந்தித்துப் பழக இடங்கள் இருந்தால் என்ன என்று அவர் யோசித்தது அங்கேதான். பொது அறையின் வரலாற்றில் மழை இரவைவிட இந்தப் பதுங்குகுழிக் கிறிஸ்துமஸே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூரை தேவை என்பதை மழை சொன்னது. அந்தக் கூரையின் கீழ் யார் யார் சேர வேண்டும் என்பதைப் போர் சொன்னது.

1919இல் ஜெர்மன் இளைஞர் விடுதிச் சங்கம் உருவானது. 1930இல் இங்கிலாந்து, 1931இல் அயர்லாந்து என்று அயல்நாடுகளிலும் சங்கங்கள் எழுந்தன. 1932இல் ஆம்ஸ்டர்டாமில் 11 சங்கங்கள் கூடிப் பன்னாட்டுக் கூட்டமைப்பை ஏற்படுத்தின; ஷிர்மான் அதன் தலைவரானார். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். ஜெர்மன் விடுதிகள் ஹிட்லர் இளைஞர் படையின் கைக்குப் போயின. 1936இல் பன்னாட்டுத் தலைமையிலிருந்தும் அவரை விலக வைத்தார்கள். அந்நியரைச் சேர்த்துவைக்கக் கட்டிய இடங்கள், அந்நியரை வெறுக்கக் கற்பித்த அமைப்பின் வசமானது இந்த வரலாற்றிலேயே வேதனையான பகுதி. அவர் மனம் தளரவில்லை. போர் முடிந்ததும், எழுபது வயதைத் தாண்டிய நிலையில், விடுதிகளை மீட்டுக் கட்டும் வேலையில் இறங்கினார்.

அந்நாளைய விடுதியில் கட்டுப்பாடு அதிகம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறைகள், இரவு குறித்த நேரத்தில் விளக்கணைப்பு, பகலில் கதவடைப்பு. நடந்தோ சைக்கிளிலோ வந்தவருக்குத்தான் இடம். பல நாடுகளில் காரில் வந்தவரைச் சேர்க்கவில்லை. பை போலத் தைத்த படுக்கை விரிப்பைக் கையோடு கொண்டுவர வேண்டும். காலையில் வார்டன் சொல்லும் வேலையை, கூட்டுவதோ பாத்திரம் கழுவுவதோ, முடித்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். உறுப்பினர் அட்டையும் வார்டனின் கண்ணும் இருந்ததால் பக்கத்துக் கட்டில்காரர் யாரென்று தெரியாமலே நிம்மதியாகத் தூங்க முடிந்தது.

1972இல் இன்டர்ரெயில் சீட்டு வந்தது. அப்போது 21 வயது வரையுள்ளவர்கள் ஒரே சீட்டில் ஐரோப்பாவின் பல நாடுகளை ரயிலில் சுற்றிவர முடிந்தது. இஸ்தான்புல்லிலிருந்து காத்மாண்டு வரை ஹிப்பிகள் போன தரைவழியும் அப்போது களைகட்டியிருந்தது. 1973இல் டோனி, மொரீன் வீலர் தம்பதியர் ஆசியாவை மலிவாகக் கடப்பது பற்றி ஒரு சிறு வழிகாட்டி வெளியிட்டார்கள். லோன்லி பிளானட் பிறந்தது. இந்தப் புதிய பயணிகளுக்காகச் சங்கம் சாராத தனியார் விடுதிகள் பெருகின. விளக்கணைப்பு போயிற்று, ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்கும் வழக்கம் வந்தது. 1999இல் டப்ளினில் தொடங்கிய ஹாஸ்டல்வேர்ல்ட், கட்டிலை இணையத்தில் பதிவு செய்ய வைத்தது. வார்டனின் இடத்தைத் தங்கிப்போனவர்கள் இடும் மதிப்பெண் பிடித்துக்கொண்டது.

கடைசியாக வந்தது திரைச்சீலை. 1979இல் ஒசாகாவில் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வடிவமைத்த கேப்சூல் ஹோட்டலின் சாயலில், இன்றைய கட்டில்கள் மரப்பெட்டி போல அடைத்து, முன்னால் திரை தொங்கவிட்டு, உள்ளே சிறு விளக்கும் சார்ஜ் போட பிளக்கும் வைத்து வருகின்றன. திரை வந்ததால் அறைக்குள் பேச்சு குறைந்துவிட்டது என்று பழைய பயணிகள் வருத்தப்படுகிறார்கள். தனியாக வரும் ஒரு பெண்ணுக்கு அந்த ஒன்றரை முழத் துணியும், பெண்கள் மட்டும் தங்கும் அறையும் தரும் தைரியத்தை நினைத்தால் அந்த வருத்தத்தை நான் ஏற்கமாட்டேன். 2020இல் கொரோனா வந்தபோது பொது அறைகள் காலியாயின. பல விடுதிகள் மூடின, மற்றவை மெல்ல மீண்டன.

அறைக்குள் எழுதாத சட்டங்கள் சில உண்டு. விடியற்காலை ரயிலைப் பிடிப்பவர் முந்தைய மாலையே மூட்டையைக் கட்டிவிட வேண்டும்; எல்லோரும் தூங்கும்போது பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று துழாவுவதைப் போல எரிச்சல் தருவது வேறில்லை. பேச்சு நடக்கும் இடம் சமையலறை. ஒரே அடுப்புக்காகக் காத்திருக்கையில், எந்த ஊர், அடுத்து எங்கே என்ற கேள்விகளில் அது தொடங்கும். ஃபிரிட்ஜில் ஒவ்வொரு பொட்டலத்திலும் பெயரும் கிளம்பும் தேதியும் எழுதி ஒட்டியிருக்கும். ஓர் அடுக்கு மட்டும் பொது. அரைப் பாக்கெட் அரிசி, மூடி இறுகிய எண்ணெய்ப் புட்டி, பாதி வெங்காயம்: ஊரை விட்டுப் போகிறவர்கள், அன்றிரவு வந்து இறங்கப்போகிறவர்களுக்காக அதில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.