விண்மீன் பேரடைக் காற்று

விண்மீன் பேரடைக் காற்று என்பது, விண்மீன்கள் மிக விரைவாகத் தோன்றும் பேரடைகளிலிருந்து வளிமமும் தூசியும் பெருமளவில் வெளியேறும் நிகழ்வு ஆகும். இத்தகைய பேரடைகள் ஸ்டார்பர்ஸ்ட் பேரடைகள் எனப்படுகின்றன. புதிய விண்மீன்களுக்கான மூலப்பொருளையே இக்காற்று அகற்றிவிடுவதால், பேரடையின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் காரணிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

தோன்றும் முறை

சூரியனின் திணிவைப் போல் 8 மடங்குக்கு மேற்பட்ட திணிவுடைய விண்மீன்களுள் பெரும்பாலானவை, தோன்றிய சில கோடி ஆண்டுகளுக்குள் சூப்பர்நோவாக்களாக வெடிக்கின்றன. தனித்து நிகழும் வெடிப்பின் ஆற்றலில் பெரும்பகுதி கதிர்வீச்சாக இழக்கப்படுகிறது. ஆனால் சிறிய பகுதிக்குள் பல வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழும்போது, ஒன்றால் உண்டான சூடான குமிழி குளிர்வதற்கு முன்பே மற்றொன்றுடன் இணைந்துவிடுகிறது. இவ்வாறு திரளும் வளிமத்தின் வெப்பநிலை பல கோடி பாகை வரை உயரக்கூடும். தட்டு வடிவப் பேரடையில் தடை குறைந்த திசை தட்டுக்குச் செங்குத்தானது. ஆகவே வளிமம் அதன் இருபுறமும் பீறிட்டு வெளியேறுகிறது. வழியிலுள்ள குளிர்ந்த வளிமத்தையும் தூசியையும் உடன் இழுத்துச் செல்கிறது.

மெசியர் 82

இந்நிகழ்வுக்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு, பெருங்கரடி விண்மீன் குழுவில் சுமார் 1.2 கோடி ஒளியாண்டுகள் தொலைவில் உள்ள மெசியர் 82 ஆகும். இதனை 1774 இல் யோகான் போடே கண்டறிந்தார். அண்மையிலுள்ள மெசியர் 81 இன் ஈர்ப்பு இதன் வளிமத்தை மையத்தை நோக்கிச் செலுத்தி, விண்மீன் உருவாக்கத்தைத் தூண்டியது.

1963 இல் லிண்ட்ஸ், சாண்டேஜ் ஆகியோர் இப்பேரடையிலிருந்து வெளிநோக்கிப் பரவும் ஐதரசன் இழைகளை ஆராய்ந்து, மையத்தில் ஒரு பெருவெடிப்பு நிகழ்ந்திருக்கவேண்டும் எனக் கருதினர். பின்னர் அக்கருத்து மாறியது. ஒரே வெடிப்பு அன்று, தொடர்ச்சியான பல சூப்பர்நோவாக்களே காரணம் என்பது இன்றைய விளக்கம். 1985 இல் செவாலியர், கிளெக் ஆகியோர் இக்காற்றுக்கான எளிய கணித மாதிரியை வெளியிட்டனர்.

ஐதரசன் இழைகள் நொடிக்குச் சுமார் 600 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகின்றன. சூடான வளிமத்தைச் சந்திரா எக்சு-கதிர் தொலைநோக்கியும், தூசியை ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கியும் படம்பிடித்துள்ளன.

விளைவுகள்

விடுபடு வேகத்தை மிஞ்சும் வளிமம் பேரடையை விட்டு நீங்குகிறது. எஞ்சியது மீண்டும் தட்டின்மீதே விழக்கூடும். விண்மீன்களில் உருவான ஆக்சிசன், இரும்பு முதலிய தனிமங்கள் பேரடைகளுக்கு இடைப்பட்ட வெளியை அடைவதற்கு இக்காற்று ஒரு முக்கிய வழியாகும். ஈர்ப்பு குறைந்த சிறு பேரடைகள் இவற்றை எளிதில் இழக்கின்றன. அவற்றில் கன தனிமங்கள் குறைவாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். காற்றின் விளைவைச் சேர்க்காத கணினி மாதிரிகளில், உண்மையில் காணப்படுவதைவிட மிகுதியான விண்மீன்கள் தோன்றிவிடுகின்றன.