திரைக்குள் ஓர் அஞ்சறைப் பெட்டி

உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள்தூள். வீட்டுக்கு வீடு வரிசை மாறலாம். ஆனால் எந்த வீட்டிலும் அதில் ஜாதிக்காய் இருக்காது. ஜாதிக்காய் மேல் யாருக்கும் விரோதம் இல்லை. எப்போதோ ஒருநாள் தேவைப்படுகிற சரக்கு, அவ்வளவுதான். அதற்கு மேல் அலமாரி போதும். எண்ணெய் காய்ந்து புகைகிற நேரத்தில் கை தானாகப் போய் நிற்கிற இடத்தில், தினமும் வேண்டியது மட்டும்தான் இருக்க வேண்டும்.

நம் பாட்டிமார்கள் எந்தக் காலேஜிலும் படிக்காமல் கண்டுபிடித்த இந்தச் சூத்திரத்தைக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் கண்டுபிடிக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கண்டுபிடித்த பிறகு சும்மா இருந்தார்களா? அஞ்சறைப் பெட்டியில் எந்தச் சரக்கு எந்த அறையில் என்று கோர்ட் வரைக்கும் போய் மோதிக்கொண்டார்கள். அந்தக் கதைதான் இந்த வாரம்.

முதலில் ஒரு விஷயம். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் குட்டிக் குட்டிப் படங்கள் தெரிகின்றனவே, ஐகான்கள், அவை ஆதியிலிருந்தே இருந்தவை அல்ல. எண்பதுகளில் கம்ப்யூட்டர் பழகியவர்களைக் கேளுங்கள். கறுப்புத் திரை. மூலையில் கண் சிமிட்டுகிற ஒரு கோடு. என்ன வேண்டும் என்று நீங்கள்தான் டைப் அடித்துச் சொல்ல வேண்டும். ஓர் எழுத்து தப்பினாலும் 'அப்படி எதுவும் இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வரும். விவரமான ஆசாமிகள் சின்னதாக ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டார்கள். 1 அடித்தால் வேர்ட்ஸ்டார், 2 அடித்தால் லோட்டஸ், 3 அடித்தால் டிபேஸ். ஹோட்டல் சுவரில் எழுதிப் போடுவார்களே, 'இன்றைய ஸ்பெஷல்', கிட்டத்தட்ட அதேதான்.

படத்துக்கு மாறலாம் என்கிற யோசனை அமெரிக்காவில், கலிபோர்னியாவில் பிறந்தது. பாலோ ஆல்ட்டோவில் ஜெராக்ஸ் கம்பெனி ஓர் ஆராய்ச்சிக்கூடம் வைத்திருந்தது. ஆமாம், நம் ஊரில் நகல் எடுக்கிற கடைக்கே பெயராகிப்போன அதே ஜெராக்ஸ்தான். 1973இல் அங்கே 'ஆல்ட்டோ' என்ற கம்ப்யூட்டரைச் செய்தார்கள். மவுஸும் ஜன்னல்களும் அதில் வந்தன. 1975இல் டேவிட் கேன்ஃபீல்ட் ஸ்மித் என்ற இளைஞர் தன் டாக்டர் பட்ட ஆய்வேட்டில் இந்தத் திரைப் படங்களுக்கு 'ஐகான்' என்று பெயர் வைத்தார். அவரும் சேர்ந்து உழைத்த 'ஸ்டார்' என்ற கம்ப்யூட்டரை 1981இல் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுவந்தது. விலை பதினாறாயிரம் டாலருக்கு மேல். யார் வாங்குவார்கள்? அதிகம் பேர் வாங்கவில்லை.

ஸ்டாரில் ஒரு விசேஷம். அதன் திரையை ஓர் ஆபீஸ் மேஜை மாதிரியே அமைத்திருந்தார்கள். காகிதம், ஃபைல், தபால் வருகிற தட்டு, தபால் போகிற தட்டு, பிரிண்டர், எல்லாம் படங்களாக. நார்ம் காக்ஸ் என்பவர் வரைந்தது. ஆனால் 'இந்தப் புரோகிராமைத் திற' என்று சொல்லவே அதில் அவசியம் கிடையாது. காகிதத்தைத் திறந்தால் போதும், அதற்கு வேண்டிய புரோகிராம் தானாக வந்து நிற்கும். இலையில் உட்கார்ந்தவர் சாம்பார் கரண்டி எங்கே என்று தேட வேண்டியதில்லை அல்லவா, அந்த மாதிரி.

1979இல் இந்த ஆராய்ச்சிக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் ஜாப்ஸ். அசந்துபோனார். 1984 ஜனவரியில் ஆப்பிளின் மேக்கின்டாஷ் வந்தது. அதற்கான ஐகான்களை சூசன் கேர் என்ற பெண்மணி முதலில் கிராஃப் நோட்டில், கட்டம் கட்டமாக நிரப்பிப் பார்த்து வரைந்தார். ஓர் ஐகானுக்கு நீளத்தில் 32 கட்டம், அகலத்தில் 32 கட்டம். மொத்தமே 1,024 புள்ளிகள். நம் வீட்டு வாசலில் புள்ளிக்கோலம் போடுகிறவர்களுக்கு அந்த வேலையின் அருமை புரியும்.

இதெல்லாம் சரி, நம் ஊர் ஆபீஸ்களுக்கு வந்தது என்ன? மைக்ரோசாஃப்டின் விண்டோஸ். 1990இல் வந்த விண்டோஸ் 3.0இல் 'புரோகிராம் மேனேஜர்' என்று ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் குட்டிப் பெட்டிகள். ஒன்றில் ஆபீஸ் சாமான், ஒன்றில் விளையாட்டு, ஒன்றில் சில்லறைச் சாமான். ஒரு குட்டிப் பெட்டிக்குள் இன்னொரு குட்டிப் பெட்டி வைக்க முடியாது. ஒன்றைத் திறந்தால் இன்னொன்றை மறைக்கும். புதிதாகப் பழகுபவர்களை உட்காரவைத்து மைக்ரோசாஃப்ட்காரர்களே சோதித்துப் பார்த்தார்கள். கண்ணெதிரே இல்லாத ஒரு புரோகிராமைத் தேடித் திறக்க அவர்களுக்குச் சராசரியாக ஒன்பதரை நிமிஷம் ஆயிற்று. ஒன்பதரை நிமிஷம்! ரவா உப்புமாவே கிண்டி இறக்கிவிடலாம்.

அந்தத் தலைவலிக்கு மருந்தாக வந்ததுதான் 1995 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் 95. இடது கீழ் மூலையில் 'ஸ்டார்ட்' என்று ஒரே ஒரு பட்டன். அதுவும் புரியாமல் போய்விடுமோ என்று, 'இங்கே க்ளிக் செய்து தொடங்குங்கள்' என்ற வரி ஓர் அம்புக்குறியோடு நகர்ந்து வந்து அந்தப் பட்டனில் முட்டும். கூடவே இன்னொரு சமாச்சாரமும் வந்தது. 'ஷார்ட்கட்'. ஐகானின் இடது மூலையில் குட்டியாக வளைந்த அம்பு தெரியும், பார்த்திருப்பீர்கள்.

ஷார்ட்கட் என்றால் என்ன? காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். குறிப்பேட்டில் ஒரு பதிவு எழுதினால் பக்கத்திலேயே ஒல்லியாக ஒரு பத்தி வரும். இந்தக் கணக்கு பேரேட்டில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று அதில் ஓர் எண் போடுவோம். அந்த எண் கணக்கு ஆகாது. கணக்கு இருக்கும் இடத்தின் விலாசம். ஷார்ட்கட்டும் அப்படித்தான். அதை அழித்தால் விலாசச் சீட்டுதான் கிழியும், வீடு இடியாது. இது தெரியாததால்தான் பலர் ஐகானை அழிக்கப் பயந்து திரையைக் குப்பைமேடாக வைத்திருக்கிறார்கள். வேறு சிலர் ஐகானை அழித்துவிட்டு, புரோகிராமே ஒழிந்தது என்று நிம்மதியாகத் தூங்குகிறார்கள். இரண்டுமே தப்பு.

இதுவரை சமையலறைக் கதை. இனிமேல் சந்தைக் கதை.

மளிகைக் கடையில் எந்த சோப்பைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்குகிறார்களோ அதுதான் அதிகம் விற்கும். கண்ணுக்கு நேரே இருக்கிற அலமாரிக்குக் கம்பெனிகள் காசு கொடுக்கும். கம்ப்யூட்டர் திரையும் அப்படியொரு அலமாரிதான் என்பது 1996இல் எல்லோருக்கும் புரிந்துபோயிற்று. அந்த மார்ச் மாதம் ஏஓஎல் என்ற இணைய சேவை நிறுவனத்தோடு மைக்ரோசாஃப்ட் ஓர் ஒப்பந்தம் போட்டது. 'எங்கள் பிரவுசரை உங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுங்கள். பதிலுக்கு எங்கள் விண்டோஸ் திரையில் உங்களுக்கு இடம் தருகிறோம்.' இத்தனைக்கும் மைக்ரோசாஃப்டுக்கே எம்எஸ்என் என்று சொந்த இணைய சேவை உண்டு. சொந்தப் பிள்ளையின் பந்தியில் போட்டிக்காரருக்கும் இலை போட்டார்கள் என்றால், அந்த இடத்தின் மதிப்பை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதே 1996. காம்பேக் கம்பெனி தன் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் மைக்ரோசாஃப்ட் பிரவுசரின் ஐகானை எடுத்துவிட்டு, போட்டியாளரான நெட்ஸ்கேப்பின் ஐகானை வைத்தது. 'ஐகானைத் திரும்ப வைக்காவிட்டால் விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்வோம்' என்று மைக்ரோசாஃப்ட் கடிதம் அனுப்பியது. விண்டோஸ் இல்லாமல் கம்ப்யூட்டர் விற்க முடியுமா? காம்பேக் ஐகானைத் திரும்ப வைத்தது.

1998 மே மாதம் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டபோது இந்த ஐகான் கதையும் சாட்சிக் கூண்டேறியது. நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 1999 நவம்பரில் அளித்த முடிவுகளில் இதெல்லாம் விலாவாரியாக இருக்கிறது. 2000 ஜூனில் கம்பெனியையே இரண்டாக உடைக்கச் சொன்னார் அவர். மேல்முறையீட்டில் அந்த உத்தரவு தப்பவில்லை. ஆனாலும் 2001 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்தது. 'கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்கள் எங்கள் பிரவுசர் ஐகானை வேண்டுமானால் எடுத்துவிடலாம்.' ஒரு குட்டிப் படத்தை நகர்த்த ஐந்து வருஷம், வண்டி வண்டியாகக் காகிதம்!

அடுத்து நடந்தது தமாஷ். சுதந்திரம் கிடைத்த தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள்? மாதிரிக்கு வந்த ஆன்ட்டி வைரஸ், காசு கட்டச் சொல்லும் விளையாட்டு என்று அவரவர் சரக்கைத் திரையில் கொட்டினார்கள். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, அறுபது நாளைக்கு ஒரு தடவை 'இந்த ஐகான்களை நீங்கள் தொடவே இல்லையே, ஒதுக்கி வைக்கட்டுமா?' என்று கேட்கும். போகிக்குப் போகி பரண் ஒழிப்பதுபோல.

'அமெரிக்கக் கம்பெனிகள் அடித்துக்கொண்டால் நமக்கென்ன?' என்கிறீர்களா? கீழ்பென்னாத்தூருக்கு வாருங்கள்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற ரோட்டில் இருக்கிற பேரூராட்சி. சுற்றிலும் நெல்லும் மணிலாவும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு. கீழ்பென்னாத்தூர் மாதிரி ஊர்களில் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். அண்ணனிடமோ அப்பாவிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. திரையில் என்ன இருக்கிறதோ, அதுதான் கம்ப்யூட்டர்.

முதலில் வந்த அந்த லேப்டாப்களை ஆன் செய்தால் இரண்டு வாசல். ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட, இந்திய மொழிகள் பேசும் லினக்ஸ். 2018இல் வந்த புதிய பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் விண்டோஸுக்குப் பக்கத்தில் உபுண்டு லினக்ஸுக்கு இடம் கொடுத்தார்கள். உபுண்டு திரையின் இடது ஓரத்தில் ஐகான்கள் வரிசையாக நிற்கும் பட்டைக்கு அந்தப் பாடநூலில் 'லாஞ்சர்' என்று பெயர். வேண்டியதைச் சேர்க்கலாம், வேண்டாததை எடுக்கலாம், மேலே கீழே நகர்த்தலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அங்கே ஒரு பெரிய விஷயம் கிடைக்கிறது: திரையின் வரிசை கடவுள் எழுதியது அல்ல, மாற்றலாம்.

இது சின்ன விஷயம் என்று தோன்றினால் கையிலிருக்கும் செல்போனைப் பாருங்கள். அதை வாங்கிய அன்றே முதல் திரையில் என்னென்ன இருந்தன? நீங்களா வைத்தீர்கள்? 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. ஆண்ட்ராய்டு போன் தயாரிப்பாளர்கள் கூகுளின் ஆப்கள் மொத்தத்தையும் முன்கூட்டியே போட வேண்டும், அதுவும் கண்ணில் படுகிற இடத்தில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனை நியாயமற்றது என்றது ஆணையம். 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அபராதத்தை உறுதி செய்தது. காம்பேக்கின் ஐகான் சண்டைதான், கால் நூற்றாண்டு கழித்து நம் சட்டைப் பைக்குள் நடந்திருக்கிறது.

அதனால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். தினமும் தொடுவது ஐந்தாறு இருக்கும், அதைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள். வாரத்துக்கு ஒரு தரம் தொடுவதை ஒரு ஃபோல்டரில் போடுங்கள். மீதியின் விலாசச் சீட்டைத் தைரியமாகக் கிழியுங்கள். பயம் வேண்டாம், வீடு இடியாது.

ஒவ்வொன்றையும் எடுக்கும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இதை இங்கே வைத்தது யார்? நம் அஞ்சறைப் பெட்டியில் பக்கத்துக் கடைக்காரர் வந்து அவர் சரக்கை நிரப்பிவிட்டுப் போனால் சும்மா விடுவோமா?