தந்தையார் விட்டுச்சென்ற பெட்டி



பெங்களூர் நகர ரயில் நிலையத்தை அடுத்த ஒக்கலிபுரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 1864-ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னாளில் பின்னி ஆலை எனப் பெயர் பெற்ற நெசவாலை 1884-இல் தோன்றியது. பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்தோர் பலர். 1898-இல் பரவிய பிளேக் நோய் எத்தனையோ வீடுகளைக் குலைத்தது. விட்டு வந்த ஊரையும் முறிந்த உறவையும் பற்றிப் பெற்றோர் பலர் வாய் திறப்பதில்லை. அவர்கள் கண்மூடிய பின்னரே தகரப் பெட்டி திறக்கப்படுகிறது. அதில் எதிர்பாராத கடிதமொன்று இருப்பின் நாம் செய்யத்தக்கது யாது?

பெங்களூரிற் பிறந்த மாதுரி விஜய் என்னும் எழுத்தாளர் இவ்வினாவை ஒட்டியே ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். 'தி ஃபார் ஃபீல்டு' என்னும் அந்நூல் 2019-ஆம் ஆண்டின் ஜே.சி.பி. இலக்கியப் பரிசைப் பெற்றது. தாயை இழந்த ஷாலினி என்னும் பெங்களூர்ப் பெண், முன்னாளில் தம் இல்லத்திற்கு வந்து சென்ற காஷ்மீர வணிகர் ஒருவரைத் தேடிப் புறப்படுகிறாள். அவள் நாடியது தன் மன அமைதி; ஆனால் அத்தேடலால் துன்புற்றவர்களோ, அவளுக்கு இடங்கொடுத்து ஆதரித்த ஏழை மக்கள்.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்று நம் வரலாற்றில் உண்டு. புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பு எழுதி வந்தார். வாணிபக் கணக்கு, அரசாங்க இரகசியம், ஆளுநர் மனைவியார்மீது கொண்ட கசப்பு, 1748-இல் வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்ட செய்தி யாவும் அதில் உள்ளன. 1761 ஜனவரியில் அவர் மறைந்தார். வழித்தோன்றல்கள் அந்த ஏடுகளை எரித்துவிடவில்லை. ஏறத்தாழ 85 ஆண்டுகள் கழித்து, 1846-இல், கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு உலகறியச் செய்தார். பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னாட்டை அறிவதற்கு அவை இன்று பெருந்துணையாக உள்ளன. அக்கசப்புரைகளால் வருந்துவதற்கு அப்போது எவரும் உயிருடன் இல்லை.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு காலமும் பொறுமையுமே அன்றோ? பெற்றோரின் உண்மையை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு. எனினும் அவ்வுண்மையில் இன்னமும் வாழ்ந்துகொண்டிருக்கும் பிறர்க்கும் மானம் உண்டு.

ஆதலின் பெட்டியைத் திறப்பவர்கள் எதையும் நெருப்பில் இடாதிருப்பார்களாக. கடிதத்தையும் ஆலைச் சீட்டையும் பழைய நிழற்படத்தையும் காத்து வையுங்கள். அவற்றின் பின்புறத்தில் பெயரையும் ஆண்டையும் பென்சிலாற் குறியுங்கள். வெளியிடுமுன் அதனால் யாருக்கு வலிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இவை யாவற்றிற்கும் மேலாக, வீட்டில் முதியவர் இருப்பின் இன்று மாலையே அவர் அருகில் அமர்ந்து கேளுங்கள். காகிதம் காத்திருக்கும், முதியவர் காத்திருக்க மாட்டார்.