உளச்சிகிச்சை முறையைத் தெரிதல்

மனத்துயருற்றவர் தம் நோயின் தன்மைக்கும் தமது சுபாவத்துக்கும் இசைந்த சிகிச்சையைத் தேர்ந்துகொள்ளுதல் வேண்டும். வியன்னா நகர வைத்தியரான சிக்மண்ட் பிராய்டு வகுத்த உளப்பகுப்பாய்வு, வாரத்தில் பல நாட்களாக, ஆண்டுக்கணக்கில், பால்யகால நினைவுகளைத் துருவிச் செல்வதாகலின், பொருளும் பொழுதும் பொறுமையும் ஒருங்கே வாய்த்தவர்க்கே கைகூடும். உபதேசத்தை வேண்டாது பரிவோடு கேட்கும் ஒரு செவியையே நாடுவோர்க்கு, அமெரிக்கரான கார்ல் ரோஜர்ஸ் 1940களில் வளர்த்த முறை ஏற்றது. தம்மையே ஓயாது நிந்தித்துச் சோர்வோர்க்கு, அவ்வெண்ணங்களைச் சாட்சியம்போல் விசாரிக்கப் பழக்கும் ஆரன் பெக்கின் அறிகைச் சிகிச்சை பெரும்பாலும் சில மாதங்களில் பயன்தரும்.

தொட்டதெல்லாம் அசுத்தமென்று இடையறாது கைகழுவுவாருக்கோ, அனுதாப வார்த்தைகள் எத்துணை இனியவாயினும், சொற்பப் பயனே விளையும். அஞ்சும் பொருளைப் படிப்படியாகத் தொடச்செய்து, பின் கழுவாதிருக்கப் பயிற்றும் முறையே (கேட்பதற்குச் சற்றுக் கொடுமையானதுதான்), 1966இல் விக்டர் மேயர் லண்டனிலிருந்து அதனை வெளியிட்டது முதல், சிறந்ததெனக் கொள்ளப்படுகிறது. எம்முறையாயினும், சிகிச்சை செய்பவர்பால் நம்பிக்கை பிறவாவிடில் வேறொருவரை நாடுதல் தவறன்று. பிறர்க்குக் கேளாத குரல்கள் கேட்பின், பேச்சுச் சிகிச்சைக்கு முன்னரே மனநோய் மருத்துவரை அணுகுதல் வேண்டும்.