முதலைக்குட்டியோடு பள்ளிக்கூடம் போன அம்மணி

பதினாறு வயசுல, செல்லமா வளர்த்த முதலைக்குட்டியைக் கணக்கு வகுப்புக்கே கொண்டுபோனவர் ஜோன் பீச்சம் பிராக்டர் (1897–1931). லண்டன்காரர். தீராத குடல்நோய்; கேம்பிரிட்ஜ் கனவு போச்சு. 1916ல் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜார்ஜ் பூலெஞ்சர் உதவியாளராச் சேர்த்துக்கிட்டார். 1890லேயே நம்மூர்ப் பாம்பு, பல்லி, தவளைகளைப் பற்றித் தடிப் புத்தகம் எழுதின மனுஷன். அவர்கிட்ட வேலை கத்துக்கிட்டதைவிடப் பெரிய கல்லூரி எது, சொல்லுங்க? 1920ல் அவர் ஓய்வுபெற, பொறுப்பு இவரிடம் வந்தது.

1923ல் லண்டன் மிருகக்காட்சிசாலைக்கு மாறினார். 1927ல் திறந்த ஊர்வன இல்லத்தை, கட்டடக்கலைஞர் ஒருத்தரோட சேர்ந்து வடிவமைச்சதும் இவர்தான். பார்க்க வர்றவங்க பக்கம் இருட்டு, கூண்டுக்குள்ள வெளிச்சம். கட்டடம் தொண்ணூறு வருஷத்துக்கு மேல ஓடுச்சுங்க!

எனக்குப் பிடிச்ச காட்சி 1928ல். கொமோடோ டிராகன்னா ஏதோ ராட்சசன்னு உலகமே மிரண்ட காலம். அம்மணி 'சும்பாவா'ங்கிற கொமோடோவையே விலங்கியல் சங்கக் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டார். தடவிக்கொடுக்கக் கொடுக்க, அது பாட்டுக்கு கோழி, முட்டை, புறான்னு முழுங்கிட்டிருந்ததாம் :-)

கடைசியில் நடக்க முடியாம சக்கர நாற்காலி. பக்கத்துலயே நடந்து வரும் சும்பாவா. சிகாகோ பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1931ல். அதே வருஷம் செப்டம்பர்ல போய்ச் சேர்ந்துட்டார். வயசு 34.