நாட்பட்ட சோர்வு நோய்க்குறி: மருந்துகள்
நாட்பட்ட சோர்வு நோய்க்குறி என்பது ஓய்வெடுத்தாலும் தீராத களைப்பு 6 மாதங்களுக்கு மேல் நீடித்து, சிறு உழைப்புக்குப் பின்னும் உடல்நிலை மோசமாகும் நோய். இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை, அறிகுறிக்கேற்பவே சிகிச்சை. வலிக்கும் தூக்கக் குறைவுக்கும் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் தரப்படும். எழுந்து நின்றால் வரும் தலைசுற்றலுக்கு நீரும், மருத்துவர் அனுமதித்தால் கூடுதல் உப்பும், தேவையெனில் ஃபுளூட்ரோகார்ட்டிசோன் அல்லது மிடோட்ரினும் உதவும். நோயாளிகளுள் பலருக்கு மருந்து எளிதில் ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே மிகச் சிறு அளவில் தொடங்குவது இன்றியமையாதது. படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைப் பிரிட்டனின் 2021 வழிகாட்டுதல் கைவிட்டது. சித்த மருத்துவர்கள் உடல் அசதிக்குத் தரும் அமுக்கராச் சூரணம் இந்நோய்க்குப் பயன்படுவது உறுதியாகவில்லை. தைராய்டு மாத்திரை எடுப்போர் இச்சூரணத்தை மருத்துவரைக் கேட்காமல் உண்ணலாகாது. தென்காசி மாவட்டக் குற்றாலத்தில் சாரல் காலத்து அருவிக் குளியல் அசதி போக்கும் என்பது நெடுநாள் நம்பிக்கை. ஆனால் அங்குள்ள செண்பகாதேவி அருவிக்கு ஏறும் மலைப்பாதை இந்நோயாளியைப் பல நாள் படுக்கையில் தள்ளக்கூடும்.